உன் நிக்காஹ் அன்று நான் எழுந்து போன காரணம்

அன்பு மகனுக்கு, அத்தாவின் சலாம்.

இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீ சுகமா என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் அந்த ஒரு வரியை வைத்தே நாம் இருவரும் ஏழு வருஷத்தை ஓட்டிவிட்டோம். நீ ஷார்ஜாவிலிருந்து போன் போட்டால் எனக்கு ஒரு சலாம், "நல்லா இருக்கீங்களாத்தா?" என்று ஒரு கேள்வி, பிறகு போன் உன் அம்மாவின் கைக்குப் போய்விடும். அதனால் இந்த முறை உள்ளதை உள்ளபடி ஆரம்பிக்கிறேன். எனக்கு மூலத்துக்கு ஆபரேஷன் ஆகி இன்றோடு பன்னிரண்டு நாள். சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, ஏதோ சின்ன ஆபரேஷன் என்று உன் அம்மா உன்னிடம் மழுப்பியது நான் சொல்லிக்கொடுத்த பொய். ஒரு நாளைக்கு மூன்று தடவை, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் பேசினில் உட்கார்ந்திருக்கிறேன். அதுதான் இப்போது என் உத்தியோகம்.

அந்த இருபது நிமிஷம் ஒரு விசித்திரமான நேரம், தம்பி. இளஞ்சூடு மெல்ல முதுகுவரை ஏறும்போது, வலி பக்கத்து வீட்டுப் பேச்சுச் சத்தம் போலத் தேய்ந்துகொண்டே போகிறது. குளியலறை வென்டிலேட்டர் வழியாக ஒரு துண்டு வெயில் தண்ணீரில் விழுந்து ஆடுகிறது. கண்ணை மூடினால் நாற்பது வருஷமாக நான் தைத்த துணியெல்லாம் வரிசையாக வருகிறது. இறந்துபோனவர்களின் சட்டைகள், இப்போது பாட்டியாகிவிட்ட பெண்களின் கல்யாண பிளவுஸ்கள், நடுவே ஐந்தாம் வகுப்பு யூனிஃபார்மில் நீ. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லியாகிவிட்டதா, இனிமேல்தான் சொல்வார்களா என்றே தெரிவதில்லை. "தூங்கிட்டீங்களா? தண்ணி ஆறிப்போச்சு" என்று உன் அம்மா கதவைத் தட்டிய பிறகுதான் மறுபடி இந்த ஊருக்கு வருகிறேன். எங்கே மிதந்து போனாலும் கடைசியில் நான் போய் நிற்பது ஒரே இடத்தில்தான். உன் நிக்காஹ் நடந்த பள்ளிவாசலில்.

இதை எழுத வைத்தவள் ஷமீமா. ஆபரேஷன் ஆன மறுநாள் உன் பெண்டாட்டி ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். மாத்திரை மயக்கத்தில் நான் கண்ணை மூடிக் கிடந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு உன் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"மாமி, அவங்களுக்கும் இப்படித்தான் இருக்கு. போன லீவுல வந்தப்பவே ரத்தம் போச்சு. நான் பாத்துட்டேன். யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

"டாக்டர்கிட்ட காமிச்சானா?"

"இல்ல மாமி. சூடுதான், தானா சரியாயிடும்ங்கிறாங்க. இப்பவும் போகுதாம்."

சூடுதான். தானா சரியாயிடும். இந்த இரண்டு வார்த்தையை நான் ஒன்பது வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டவன். கண்ணைத் திறக்காமலே அழுதேன். வலியில் அழுகிறேன் என்று நினைத்து உன் அம்மா நர்ஸைக் கூப்பிடப் போனாள். சத்தியத்தை மீறியதற்காக ஷமீமாவைக் கோபித்துக்கொள்ளாதே. அவள்தான் இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப் போகிறாள். அனுப்புவதற்கு முன் படிப்பாள். படிக்கட்டும், அவளுக்கும் நான் பதில் சொல்ல வேண்டியவன்.

எனக்கு இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். ரம்ஜானும் தீபாவளியும் நெருங்கினால் நான் மிஷினை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை டீயும் தையலும்தான். கொல்லைக்குப் போக வேண்டும் போலிருந்தாலும், "இந்தக் கையை ஏத்திட்டுப் போவோம், இந்தக் காலரை முடிச்சிட்டுப் போவோம்" என்று அடக்கிக்கொள்வேன். அடக்க அடக்க அது இறுகும். இறுகியதை முக்கித் தள்ளுவேன். ஒரு நாள் காலையில் கக்கூஸின் வெள்ளைக் கோப்பையில் சிவப்பாகச் சொட்டியிருந்தது. வலி கொஞ்சமும் இல்லை. வலி இல்லாததற்கு எதற்கு வைத்தியர் என்று விட்டுவிட்டேன். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கித் தின்றேன். கருணைக்கிழங்கு வாங்கிவந்து குழம்பு வைக்கச் சொன்னேன். "மசக்கைக்காரி மாதிரி தினம் கருணைக்கிழங்கு கேக்குறீங்களே, என்னங்க ஆச்சு?" என்று உன் அம்மா சிரித்தாள். ஆசையாக இருக்கிறது என்றேன். இரண்டு நாள் நிற்கும், நான்காம் நாள் வரும். கொஞ்ச நாளில் ரத்தத்தோடு சதையும் வெளியே வர ஆரம்பித்தது, முதலில் தானாக உள்ளே போனது, பிறகு விரலால் தள்ளினால்தான் போனது.

அந்த நாட்களில்தான் உன் கல்யாணப் பேச்சு வந்தது. என் தங்கை மகளை உனக்கு என்று நான் வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். நீ ஷமீமாவைத்தான் என்றாய். இரண்டு மாதம் நான் உன்னோடு பேசவில்லை. அது உண்மையான கோபம்தான், அதற்கு இப்போது சப்பைக்கட்டு கட்டப் போவதில்லை. ஆனால் அந்தக் கோபம் எந்தத் தேதியில் போனது என்று கேட்டால் எனக்கே தெரியாது. உன் ஷேர்வானிக்கு வாங்கிய சந்தன நிறத் துணியை விரித்துப் போட்டு, கத்தரிக்கோலைக் கையில் எடுத்தபோது பார்த்தேன். அது இல்லை. உன் தோள் அளவு எனக்கு மனப்பாடம், டேப் வைக்காமலே வெட்டினேன். மூன்று நாள் வேறு எந்தத் துணியையும் தொடவில்லை. அந்த மூன்று நாளும் நான் எழுந்திருக்கவும் இல்லை. ரத்தம் முன்னைவிட அதிகமானது. பழைய கைலியைக் கிழித்து, நாலு மடிப்பாக மடித்து, எனக்கு நானே ஒரு பட்டை தைத்து உள்ளே வைத்துக்கொண்டேன். தையல்காரன் அல்லவா, அதிலும் ஓரம் மடித்து அடித்திருந்தேன்.

நிக்காஹ் அன்று மாப்பிள்ளையின் அத்தா என்று வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முதல் வரிசையில் உன் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். பள்ளிவாசல் ஹஜ்ரத் நிக்காஹ் குத்பா ஓத ஆரம்பித்தார். அத்தர் வாசனை, மல்லிகை, மேலே மெதுவாகச் சுற்றிய பழைய மின்விசிறிகள். உன் தோளில் என் தையல் ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குள் ஒரே பெருமை. அப்போதுதான் அடியில் சூடாக ஈரம் பரவியது. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தேன். விரல் நுனியில் சிவப்பு. நான் உட்கார்ந்திருந்தது அல்லாஹ்வின் வீட்டில், தொழுகை விரிப்பில். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பின்னால் பிடித்துக்கொண்டு எழுந்தேன். நீ திரும்பிப் பார்த்தாய். உன் கண்ணைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. எல்லோரும் பார்க்கப் பார்க்க, சுவர் ஓரமாக, வாசலைப் பார்த்து நடந்துவிட்டேன்.

நான் போனது பின்னால் இருந்த கழிப்பறைக்கு. வேட்டியை அவிழ்த்துக் குழாயடியில் கசக்கிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் உன் குரல் கேட்டது. "கபூல்" என்று சம்மதம் சொன்னாய். கொஞ்சம் கம்மிப் போன குரல். பிறகு ஹஜ்ரத் துஆ ஓதினார், கூட்டம் ஆமீன் சொன்னது. நானும் சொன்னேன், தம்பி. அல்லாஹ்வின் பெயரை உச்சரிக்கக் கூடாத இடம் அது. கையில் ரத்தக் கறையோடு ஈர வேட்டி. ஆனால் வாய் கேட்கவில்லை. நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வரிக்கும் ஆமீன் சொன்னேன். அதற்காக அப்புறம் எத்தனையோ முறை பாவமன்னிப்புக் கேட்டிருக்கிறேன், சொன்னதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. பிழிந்த வேட்டியையே கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை எழுந்து முதலில் தன் அத்தாவைத்தான் கட்டித் தழுவ வேண்டும். நீ எழுந்து நின்று தேடினாயாம். ஆல்பத்தில் அந்தப் போட்டோ இருக்கிறது. உன் இரண்டு கையும் கொஞ்சம் தூக்கியபடி இருக்கிறது, எதிரே யாரும் இல்லை. மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தியில், "அண்ணனுக்கு மனசு ஒப்பல, அதான் எந்திரிச்சுப் போயிட்டாரு" என்று என் தங்கை சொல்ல, பிரியாணி பரிமாறி முடிவதற்குள் ஊரே அதை நம்பிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். என்னிடம் இருந்தது, நான்தான் மூடவில்லை. அன்று சாயங்காலம் நீ என் கட்டில் பக்கத்தில் வந்து நின்றாய். "உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்லத்தா? எல்லாரும் பாக்க எந்திரிச்சுப் போகணுமா?" என்று கேட்டாய். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "போப்பா, எனக்கு ஒடம்பு சரியில்ல" என்றேன். ஆறு மாதத்தில் நீ விசா வாங்கிக்கொண்டு போய்விட்டாய்.

இதில் மறைக்க என்ன இருக்கிறது, சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். கேள். ஏழு வருஷமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். பிடிவாதக்காரத் தகப்பன் என்ற பெயர் எனக்கு வசதியாக இருந்தது. கல்யாணத்தில் வேட்டியில் ரத்தம் பட்டவன் என்ற பெயரைவிட அது கௌரவமாகத் தெரிந்தது. உன் மனசு அதற்குக் கொடுத்த விலை என் கண்ணில் படவே இல்லை. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஒன்று இருக்கும் என்று நீ நினைத்திருந்தால் மன்னித்துக்கொள்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போவதையும் நிறுத்தினேன். எந்த நிமிஷம் கசியும் என்று தெரியாது, கசிந்தால் தொழுகைக்காகக் கைகால் கழுவிச் செய்த ஒளு முறிந்துவிடும், விரிப்பும் கெட்டுவிடும். மகன் கல்யாணத்தில் கோபித்துக்கொண்டு பள்ளிவாசலையே விட்டுவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். வீட்டிலேயே தொழுதேன், அதுவும் கூடுமா கூடாதா என்ற சந்தேகத்தோடு. போன வருஷம்தான் ஹஜ்ரத்தைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "ரத்தம் நிக்காத நோயாளிக்கு மார்க்கத்துல சலுகை இருக்கே பாய். கசியாம கட்டிக்கிட்டு, ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதுசா ஒளு செஞ்சுக்கலாமே. இத்தன வருஷம் கேக்காம இருந்திட்டீங்களே!" என்றார். கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

நடுவில் இன்னொரு கூத்து. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்குமே, மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் கேரண்டி என்று. தர்காவுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வெளியூரில் அப்படி ஒருவரிடம் போனேன். அவர் படித்தவரா, என்ன படித்தவர் என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு ஊசி போட்டு, ஏதோ களிம்பை வைத்து அடைத்தார். இரண்டு மாதம் புண்ணாகி, நின்றுகொண்டே சாப்பிட்டேன். தர்காவுக்குப் போய்வந்தவர் ஏன் இப்படி வாடிப்போனார் என்று உன் அம்மா எனக்குத் தண்ணீர் ஓதி வாங்கிவந்து கொடுத்தாள்.

என்னைக் காப்பாற்றியது ஒரு கோணல் தையல். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ராகவன் என்று ஒருவர், பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இருபது வருஷமாக என்னிடம்தான் தைக்கிறார். தைத்த பேண்ட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"என்ன பாய், ஒரு கால் ஏறி ஒரு கால் இறங்கி இருக்கு? உங்க கையில இப்படி வந்ததே இல்லையே?"

ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து தைத்தால் வேறு எப்படி வரும்? "சரி பண்ணித் தரேன் சார்" என்று எழுந்து நின்றேன்.

"உக்காந்து பேசுங்கோளேன், ஏன் நின்னுண்டே இருக்கேள்?" என்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மூலமா?"

கடையில் பிளவுஸ் கொடுக்க வந்த இரண்டு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "மெதுவா சார், மெதுவா" என்றேன்.

"இதுல என்ன மெதுவா? எனக்கு ரப்பர் பேண்டு போட்டு மூணு வருஷம் ஆச்சு. ரங்கா ரங்கா கோபுர வாசல்ல நின்னு வேணும்னாலும் சொல்லுவேன். மூக்கு இருக்கறவனுக்கு ஜலதோஷம், இது இருக்கறவனுக்கு இது. உங்க முகம் சுண்ணாம்பா வெளுத்துக் கெடக்கே, எத்தன நாளா ரத்தம் போறது?"

நான் பதில் சொல்வதற்குள் அந்த இரண்டு பெண்களில் மூத்தவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டார். "எந்த டாக்டர் சார்? எனக்கும் கேக்கணும்."

அன்று எனக்கு உள்ளே ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. மறுநாள் காலையில் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்கி, கடையைத் திறக்கவிடாமல், ராகவன் சார் என்னைத் தில்லை நகருக்கு இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும். காதோரம் உன்னைப் போலவே ஒரு மச்சம். எத்தனை வருஷமாக என்று கேட்டார். ஒன்பது என்றேன். எழுதுகிற பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், திட்டவில்லை. எப்படிப் போகிறது, வலிக்கிறதா, வெளியே வருகிறதா, எடை குறைந்ததா என்று நிதானமாகக் கேட்டார். இடதுபக்கமாகச் சாய்ந்து படுத்து முழங்காலை மார்போடு மடக்கச் சொன்னார். மேலே ஒரு துணியைப் போர்த்தினார். முதலில் வெளியே பார்த்தார், பிறகு உறை போட்ட விரலால், பிறகு விரல் நீளத்தில் வெளிச்சம் வைத்த ஒரு சின்னக் குழாயால். "மூச்ச நல்லா விடுங்க ஐயா, அவ்வளவுதான், முடிஞ்சுது" என்றார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒன்பது வருஷம் நான் ஓடி ஒளிந்தது அந்த இரண்டு நிமிஷத்துக்குத்தான். கைலியைச் சரிசெய்துகொண்டு எழுந்தபோது ஒன்று தோன்றியது. உன் வயதுப் பிள்ளை ஒருவன் என்னை இந்தக் கோலத்தில் பார்த்தான், பார்த்தும் என்மேல் மரியாதை குறையவில்லை. நீ மட்டும் எப்படிக் குறைத்துப் பார்த்திருப்பாய்?

அவர் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், புரிந்துகொள்.

"மூலம்ங்கிறது வெளியிலேர்ந்து வந்து மொளைக்கிற கட்டி இல்ல ஐயா. எல்லாருக்கும் அங்க உள்ளுக்குள்ள ரத்தக் குழாயால ஆன சின்னச் சின்ன மெத்தை இருக்கு. முக்கி முக்கி, உக்காந்தே கெடந்து, அது வீங்கி எறங்கிடுது. உள்ளயே இருந்து ரத்தம் மட்டும் போனா முதல் கட்டம். வெளிய வந்து தானா உள்ள போனா ரெண்டாவது. நீங்க கையால தள்ளணும்னா மூணாவது. தள்ளினாலும் போகலைன்னா நாலு. நீங்க மூணுல இருக்கீங்க."

எனக்கு உடனே புரிந்தது. பிளவுஸின் லைனிங் பிடிப்பு விட்டுக் கீழே தொங்குமே, அதுதான். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் சாப்பாட்டையும் பழக்கத்தையும் மாற்றினாலே அடங்கியிருக்கும், இல்லையென்றால் ராகவன் சாருக்குப் போட்டது போல அடியில் ஒரு சின்ன ரப்பர் வளையம் போட்டால் வாடி உதிர்ந்திருக்கும் என்றார். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில் எனக்கு இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. மாடிப்படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கியதற்கு வயது காரணம் இல்லையாம். பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம்.

"செவப்பா சொட்டினா பெரும்பாலும் மூலம்தான். ஆனா அந்தப் பெரும்பாலும்கிறத நம்பி விட்டுடக் கூடாது. குடல்ல புத்து இருந்தாலும் ரத்தம்தான் போகும். உள்ள கேமரா விட்டுப் பாத்துடுவோம்."

குடலைக் கழுவ ஒரு நாள் முழுக்க மருந்துத் தண்ணீர் குடித்ததை விட்டுவிடுகிறேன், அது தனிக் கதை. கேமராவில் பார்த்தபோது உள்ளே ஒரு சின்னச் சதை வளர்ச்சி இருந்தது. அங்கேயே அதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நாளும் எனக்குத் தையல் ஓடவில்லை. காலையில் பஸ் ஏறி அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய்விடுவேன். ராகவன் சார் குளித்துவிட்டு, நாமம் இட்டுக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ முணுமுணுப்பார். நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பேன். காவிரியில் தண்ணீர் விட்டிருந்தார்கள். மேலே மேகம் போவது தண்ணீரில் தெரிய, படித்துறையே நகர்ந்து போவது போலிருக்கும். புற்று என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். சாவதற்கு அவ்வளவாகப் பயம் வரவில்லை. உன்னிடம் சொல்லாமலே போய்விடுவேனோ என்றுதான் பயந்தேன். நாளைக்கு உன் மகள் வளர்ந்து கேட்டாலும், அத்தா என் கல்யாணத்தை விரும்பாமல் எழுந்து போனார் என்றே அவளிடமும் சொல்லிவைப்பாய்.

புற்று இல்லை என்று வந்தது. "ஆனா விட்டுருந்தா சில வருஷத்துல அப்படி மாறியிருக்கக்கூடிய ரகம். எடுத்தாச்சு, இனிமே அப்பப்ப பாத்துக்கணும்" என்றார் டாக்டர். பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். ஒரு பையன், வெளிநாட்டில் இருக்கிறான், அவனுக்கு ஒன்றும் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "இது குடும்பத்துல வரக்கூடியது. ரத்தம் போனா வயசு பாக்காம அவரு உடனே காமிக்கணும், சொல்லி வைங்க" என்றார். தலையாட்டினேன். நீ மாதக்கணக்கில் ரத்தம் விட்டுக்கொண்டிருப்பது தெரியாமல் தலையாட்டினேன். பிறகு மூலத்துக்கு ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே உடம்பு என்னை விட்டுப் போய்விட்டது. அரைத் தூக்கத்தில் நான் ஒரு நீளமான வெள்ளைத் துணியை வெட்டிக்கொண்டே போனேன், அது முடியவே இல்லை. விழித்தபோது உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். "கருணைக்கெழங்கு" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ரொம்ப நேரம் அழுதாள்.

இப்போது நீ. வானத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறாய். இறங்கி ஏற முக்கால் மணி நேரம் ஆகும், அதனால் தண்ணீரே குடிப்பதில்லை என்று ஒரு தடவை உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாய். இது சாமர்த்தியம் இல்லை, தம்பி. மிஷினை விட்டு எழுந்திருக்காத என் புத்திதான் உனக்கும் வந்திருக்கிறது, உயரம்தான் வேறு. தண்ணீர் குடி. வந்தால் அடக்காதே, இறங்கு. குப்பூஸ் ரொட்டியும் பொரித்த கோழியுமே தின்னாமல் காயும் பழமும் சேர்த்துக்கொள். கக்கூஸில் போனை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காராதே, இது உன் பெண்டாட்டி கொடுத்த புகார். ரூமில் யாரோ கொடுத்தார் என்று களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு நாளைக் கடத்தாதே. உனக்கு ஒன்றுமே இருக்காது, முதல் கட்ட மூலமாகத்தான் இருக்கும், பழக்கத்தை மாற்றினாலே அடங்கிவிடும் என்றுதான் என் மனசு சொல்கிறது. ஆனால் என் மனசின் பேச்சைக் கேட்டுத்தான் நான் இந்த நிலைக்கு வந்தேன். நீ அதைக் கேட்காதே. ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லாதே. இந்த வெள்ளிக்கிழமை உனக்கு லீவு, அங்கேயே போய்க் காட்டு. என் சோதனை முடிவையும் ஷமீமா இதோடு அனுப்புகிறாள், அதையும் காட்டு.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், இதைக் கேட்கத் தகப்பனுக்குக் கூச்சம் இருக்கக் கூடாது. நீ மன்னித்தாலும் சரி, இன்னும் கொஞ்ச நாள் கோபமாக இருந்தாலும் சரி. கோபத்தோடே டாக்டரிடம் போ, எனக்கு அது போதும்.

அங்கே டாக்டர் உன்னை இடதுபக்கம் சாய்ந்து படுக்கச் சொல்வதற்கு முன், வீட்டில் யாருக்காவது இது உண்டா என்று கேட்பார். குனிந்துகொள்ளாதே. எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொல். என் அத்தாவுக்கு உண்டு, அதனால்தான் அவர் என் நிக்காஹ்வில் எழுந்து போனார் என்று சொல். அந்த அறையிலாவது நான் எழுந்து போகாமல் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அத்தா